சொன்னது நான்தானே

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது இருபத்திரண்டு. உயர்தரம் இரண்டு தடவை எடுத்தும் கம்பஸுக்குப் புள்ளி காணாது. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். இந்த வருடம் பாண்டிருப்பு திரௌபதை அம்மனுக்கு நேர்த்தி வைத்துத் தீப்பாய (தணல்மேல் நடந்து கடக்க) வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். அவர் கேட்பது இது: "எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. அம்மன்மேல் எங்கிருந்து வரும்? தன்னை நம்பாதவனே நாத்திகன் என்று விவேகானந்தர் சொன்னதாக டியூட்டரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அப்படியென்றால் நான் நாத்திகனா? முதலில் பிடிக்க வேண்டியது என்னையா, சாமியையா?"

தம்பி, முதலில் உங்களைத்தான். ஆனால் 'உங்களை' என்றால் எதை என்று பிரித்துச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுத்து வாசியுங்கள்.

சுவரில் ஒட்டியிருந்த வாசகத்திலிருந்தே தொடங்குவோம். அது விவேகானந்தர் சொன்னதுதான். 1896இல் லண்டனில், வேதாந்தத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கைக்கொள்வது என்பது பற்றி அவர் ஆற்றிய உரைகளில் வருகிறது. கடவுளை நம்பாதவனைப் பழைய மதங்கள் நாத்திகன் என்றன, தன்னை நம்பாதவனைப் புதிய மதம் நாத்திகன் என்கிறது என்பது அதன் சாரம். போஸ்டர் அடிக்கிறவர்கள் அதோடு வெட்டிவிடுகிறார்கள். அவரோ அடுத்த மூச்சிலேயே, இது சுயநலமான நம்பிக்கை இல்லை, எல்லாம் ஒன்று என்பதுதான் வேதாந்தம், ஆகவே தன்னை நம்புவது என்பது எல்லோரையும் நம்புவது என்று சொல்லிவிடுகிறார். பின்பாதியைக் கழித்துவிட்டு முன்பாதியை மட்டும் ஒட்டினால் அது 'உன்னால் முடியும், புதிய வகுப்புகள் ஆரம்பம்' என்கிற விளம்பரத்தோடு சேர்ந்துவிடும். இரண்டு தடவை பெறுபேறு பார்த்து வந்த பிள்ளைக்கு அது குத்தாமல் என்ன செய்யும்? நீங்கள் நாத்திகன் இல்லை. பாதி வாசகம் வாசித்தவர், அவ்வளவுதான்.

விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் தேதி கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இந்தியாவுக்குக் கடல் கடந்துவிட்டார். எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அவர் கொழும்பில் இறங்கிய நேரம் காரைதீவில் மயில்வாகனம் என்று ஒரு சின்னப் பிள்ளை ஓடித் திரிந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தானே காரைதீவு. அந்தப் பிள்ளைதான் பிறகு விபுலானந்த அடிகள். 1892 பிறப்பு, விஞ்ஞானப் பட்டம், 1924இல் துறவு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் மறைவு என்று பாடசாலையில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பரீட்சைக்கு அது போதும். உங்கள் கேள்விக்கு வேண்டியது மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், அவருடைய சமாதியில் பொறித்திருக்கிறது.

'வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ' என்று தொடங்கும் அந்தப் பாட்டை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. தெரிந்த பாட்டு என்பதாலேயே அதை யாரும் நின்று வாசிப்பதும் இல்லை. ஒருதரம் போய் நிதானமாக வாசியுங்கள். இறைவன் அடிக்கு ஏற்ற பூ எது என்று கேட்டு மல்லிகை, தாமரை, கழுநீர், கொன்றை, கற்பகம் என ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். கடைசியில் அவர் ஏற்றுக்கொள்கிற பூக்கள் மூன்று: உள்ளக் கமலம், கூப்பிய கைக் காந்தள், நாட்ட விழி நெய்தல். மூன்றையும் கோயில் வாசல் பூக்கடையில் வாங்க முடியாது. மூன்றும் கும்பிட வருகிறவனுடைய உடம்போடு இருப்பவை. தன்னிடம் இருப்பது ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்கிறவன் சந்நிதியில் எதைக் கொடுப்பான்? எத்தனை தட்டுப் பூ வாங்கிப் போனாலும் அவன் வெறுங்கையோடுதான் நிற்கிறான். நீங்கள் இப்போது நிற்கிற இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, இது பக்திப் பாட்டு. சாத்திரம் என்ன சொல்கிறது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். மொத்தமே பன்னிரண்டு சூத்திரம். முதல் சூத்திரத்தில் இறைவன் உண்டு என்பதை நிறுவுகிறார். மூன்றாவதில் உயிர் உண்டு என்பதை எடுத்துக்கொள்கிறார். அது தொடங்குவது இப்படி: 'உளது இலது என்றலின் எனதுடல் என்றலின்'. உடம்பையும் புலனையும் ஒவ்வொன்றாகக் காட்டி இது நான் இல்லை, இது நான் இல்லை என்று தள்ளினால், அந்த 'இல்லை'யைச் சொல்கிற அறிவு ஒன்று மிஞ்சுகிறது அல்லவா, அதுவே உயிர். 'என் உடம்பு' என்று சொல்கிறோம்; என் வீடு என்பதுபோல. அப்படியானால் உடம்புக்கு வேறாக ஒருவன் உள்ளே இருக்கிறான்.

'எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை' என்ற உங்கள் வசனத்தை இதில் வைத்துப் பாருங்கள். இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே ஒருவர், அவர் யார்? அவருடைய கண்டுபிடிப்பை மட்டும் எப்படிச் சந்தேகமில்லாமல் நம்பினீர்கள்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நம்பிக்கை உங்களிடம் இருக்கத்தான் இருக்கிறது. அது முழுவதையும் கொண்டுபோய் 'நான் உதவாதவன்' என்கிற ஒரே முடிவில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஆட்களில் பலருக்கே தெரியாத இன்னொரு விஷயம். சைவசித்தாந்தத்தில் உயிரைக் கடவுள் படைக்கவில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இறைவன் உயிருக்கு உடம்பு தருகிறான், உலகம் தருகிறான், அறிவை விளக்குகிறான். உயிரை அவன் செய்யவில்லை. அவனை இவ்வளவு உயரத்தில் வைக்கிற ஒரு நெறி, உங்களையும் அவனைப் போலவே என்றும் இருப்பவர் என்று பக்கத்தில் வைக்கிறது. அடிமை என்றுதான் தேவாரம் பாடும். ஆனால் அந்த அடிமை ஒன்றுமில்லாத ஆள் இல்லை.

'அப்படியே போனால் ஆணவம் வராதா' என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். ஆணவம் என்றால் திமிர் என்று நாங்கள் பேச்சில் பழகிவிட்டோம். அந்தச் சொல் 'அணு' என்பதிலிருந்து வந்தது. பரந்து அறியக்கூடிய உயிரை அணுவளவாகச் சுருக்கி வைக்கிற மலத்துக்குத்தான், அதாவது உயிரைப் பிடித்த அழுக்குக்குத்தான், ஆணவம் என்று பெயர். செம்பில் களிம்புபோல என்பார்கள். அந்தக் கணக்கில் 'என்னைப் போல ஒருவன் இல்லை' என்பதும் ஆணவம், 'என்னால் ஒன்றுக்கும் ஏலாது' என்பதும் ஆணவம். இரண்டிலும் ஆள் தன்னைச் சுற்றியே நிற்கிறான். முதலாவதைக் கண்டால் ஊர் முகத்துக்கு நேரே ஏசும். இரண்டாவதைப் பணிவு என்று மெச்சிவிட்டுப் போய்விடும். அதனால் இரண்டாவதுதான் கூடுதலான காலம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி இறங்கி வருகிறேன்.

தன்மேல் நம்பிக்கை என்று நாங்கள் ஒரே சொல்லால் சொல்வதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 'என்னால் இதைச் செய்ய ஏலும்' என்பது. திறமைமேல் உள்ள நம்பிக்கை. அது ஏறும், இறங்கும். பெறுபேறு வந்த நாளில் உங்களுக்கு உடைந்தது அதுதான். அது உடைந்ததில் ஆச்சரியமும் இல்லை. கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற இஸட் புள்ளி என்பதே அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பார்க்கிற கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் சராசரிக்கு மேலே நிற்க அந்தக் கணக்கு விடாது. அதற்கு மேலே மாவட்டக் கோட்டா வேறு. மற்றவர்களை வைத்தே செய்த அளவுகோலைக் கொண்டு உங்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அளக்க முடியுமா? ஒரு துறைக்கு அனுமதி கிடைக்குமா என்பதை அது சொல்லும். அதற்கு மேலே அதைக் கதைக்க விடாதீர்கள்.

மற்றது, 'நான் சொன்னால் செய்வேன்' என்பது. இதற்குத் திறமை பெரிதாக வேண்டாம். சாமி கும்பிடுவதற்கு அடியில் கிடக்கிற கல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எனக்கு இதைப் புத்தகம் கற்றுத் தரவில்லை.

எங்கள் வீடு கல்லடிக் கரையில் இருந்தது. அக்காவுக்குக் கலியாணம் தள்ளித் தள்ளிப் போனதால், நல்லது நடந்தால் வைகாசிச் சடங்குக்கு மடிப்பிச்சை எடுத்துக் கண்ணகை அம்மனுக்குப் பொங்குவேன் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை பொருந்தி, 2005 தை மாதத்துக்கு நாளும் வைத்தாயிற்று. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. அக்கா போய்விட்டாள். அதற்கு மேலே அந்த நாளைப் பற்றி நான் எழுதுவதில்லை. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்று சாய்ந்தது. இன்றும் சாய்ந்தபடியே நிற்கிறது, போனால் பாருங்கள்.

நான் கோயில் பக்கம் போகிறதை விட்டேன். கோபம்கூட இல்லை, வெறுப்பு. ஐந்து மாதம் கழித்து, முகாமில் கூடாரத்தில் இருக்கும்போது, வைகாசியில் ஒரு விடியற்காலை அம்மா தலை முழுகிவிட்டு, நிவாரணத்துக்கு வந்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே போக நின்றார். எங்கே என்று கேட்டேன். "சடங்கு தொடங்கிட்டு. மடிப்பிச்சை எடுக்கோணும்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அவளே இல்லை. என்னத்துக்கு நேர்த்தி? நீங்கள் கேட்டது எங்கே கிடைத்தது?" என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "கேட்டது கிடைக்கல்லதான் மனே. சொன்னது நான்தானே."

அன்று நான் பின்னாலேயே போனேன், தடுப்பதற்காகத்தான். அம்மா கூடாரம் கூடாரமாகப் போய் ஒன்றும் பேசாமல் மடியை விரித்துக்கொண்டு நின்றார். எல்லோருமே நிவாரண அரிசியில் சீவித்தவர்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருந்த ஒரு பெண், வெற்றுப் பால்மா டின்னில் அரிசி அளந்து கொண்டுவந்து, பாதியைக் கொட்டி, யோசித்து, மிச்சத்தையும் கொட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளையரிசி, சிவப்பரிசி, குறுணல், கல்லும் நெல்லும் எல்லாம் மடியில் கலந்து கிடந்தன. சடங்கு முடிகிற குளிர்த்தி அன்று அந்த அரிசியில்தான் பொங்கினார். ஒரே பானைக்குள் ஒரு அரிசி குழைந்துவிட்டது, ஒரு அரிசி நறுக்கென்று கிடந்தது. பூசை செய்கிற கட்டாடியார் அதையும் வாங்கிப் படையலில் வைத்தார்.

அந்தப் பொங்கலைத் தின்னும்போது எனக்கு அம்மன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. வீடு, மகள், பாயிலிருந்து பானைவரை எல்லாம் போன ஒரு மனுசியிடம் கடல் எடுக்காத ஒரு சாமான் மிச்சம் இருந்தது. அவருடைய சொல். அந்தச் சொல் தன்னுடையது என்பதில் அவருக்கு ஒரு துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அம்மன் பதில் சொல்கிறாளா இல்லையா என்பதை அவர் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள இருந்தார்.

நேர்த்திக்கடன் என்ற சொல்லைப் பாருங்கள். கடன்காரன் யார்? நாம்தான். நேர்த்தி வைக்கிற ஒவ்வொருவனும், சாமி தருமோ இல்லையோ, தந்தால் நான் கொடுப்பேன் என்று தன்னைத்தான் பிணை வைக்கிறான். தன்னை நம்பாதவனுக்கு நேர்த்தி வைக்கவே வராது. இருபத்தைந்து வருடம் சைவநெறி படிப்பித்தும் இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதும் ஒரு குறைதான். 'நேர்த்தி என்றால் கடவுளோடு வியாபாரம்' என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது வியாபாரம்தான், மறுக்க மாட்டேன். சரக்கு வராதபோதும் காசு கட்டினவரை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கேலியில் என்னால் சேர முடியவில்லை.

இனித் தீப்பாய்வது. என் அபிப்பிராயம், இந்த வருடம் வேண்டாம்.

பயமுறுத்தவில்லை. பாண்டிருப்பில் பதினெட்டு நாள், பாரதக் கதையோடு சேர்ந்து நடக்கிற சடங்கு அது. வனவாசம், தவநிலை எல்லாம் கடந்து கடைசியில்தான் தீ. அந்த நாட்களெல்லாம் விரதம் காத்து, மனம் ஒருமித்து வருகிறவனுக்கு அது ஒரு வாசல். தணலைப் பற்றிய விஞ்ஞானமும் இருக்கிறது: எரிந்த கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் படிந்திருக்கும், ஒரு காலடி அதில் படுகிற நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதனால்தான் பெரும்பாலானோர் சுடாமல் கடக்கிறார்கள். இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அம்மன் கரிக்கும் சேர்த்துத்தானே அம்மன். ஆனால் தயங்கி நின்றாலோ, விழுந்தாலோ சுடும், நன்றாகவே சுடும். நீங்களோ இப்போது உங்களை நிரூபிக்கத்தான் போவீர்கள். சுட்டால், 'பார், அம்மனுக்கும் நான் வேண்டாம்' என்பீர்கள். சுடாவிட்டால் ஒரு கிழமைக்கு மிதப்பாக இருக்கும், பிறகு கடைக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் பழைய ஆளாகவே இருப்பீர்கள்.

ஒரு பெரிய நாள் ஆளை மாற்றுவது குறைவு. அல்பேர்ட் பண்டுரா என்கிற உளவியலாளர் 1977இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவனுக்கு வருவது நான்கு வழியால் என்றார்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவன் செய்ததைக் கண்டது, பிறர் சொல்லித் தேற்றியது, தன் உடம்பும் மனமும் இருக்கிற நிலை. இவற்றில் வலுவானது முதலாவதுதான். பிறர் சொல்லித் தேற்றுவது அந்த அளவுக்குப் பலம் இல்லாதது. டியூட்டரிச் சுவர் அந்த வகை. இந்தப் பதிலும் அந்த வகைதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே செய்து பார்க்க வேண்டும், சின்னதாக. எங்கள் பெண்கள் கௌரிக் காப்புக் கட்டுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். இருபத்தொரு நாள் விரதம், இருபத்தொரு இழை நூல். விரதம் முடியக் காப்பு கையில் ஏறும். பிறகு தேங்காய் துருவும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் அந்த நூல் கண்ணில் படுகிறது. சொன்ன சொல்லுக்கு உடம்பில் ஓர் அடையாளம் வைக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் இருபத்தொரு நாளுக்கு ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். தவறுவதற்கு வெட்கப்படுகிற அளவு சின்னதாக இருக்கட்டும். கடை பூட்டி வந்து வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர் நிரப்புவேன், அல்லது விடிய எழும்பி முற்றம் கூட்டி விளக்கேற்றுவேன். விளக்கேற்றும்போது நம்பிக்கை வரவேண்டும் என்றெல்லாம் இல்லை. திரி, எண்ணெய், நெருப்புப்பெட்டி போதும். ஒருவருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் பாராட்டு வரும், பிறகு அந்தப் பாராட்டுக்காகவே செய்வீர்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாளை ஒன்று என்று எண்ணித் திரும்பத் தொடங்குங்கள். அதற்காக மூன்று நாள் உங்களையே ஏசிக்கொண்டு இருக்காதீர்கள். அது அந்த இரண்டாவது ஆணவம். இருபத்தொன்று முடிய இன்னும் கொஞ்சம் பாரமான ஒரு சொல். மூன்றாம் தடவை பரீட்சை எடுப்பதா, தொழிற்பயிற்சிக்குப் போவதா என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுங்கள். இப்போது எடுத்தால் பயம்தான் முடிவு செய்யும்.

திருக்குறளில் 510ஆவது குறள் இதற்குப் பொருந்தும். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவனைச் சந்தேகிப்பதும் தீராத் துன்பம். அரசன் ஆட்களைத் தெரிந்தெடுக்கிற அதிகாரத்தில் வருகிற குறள். அந்த 'ஒருவன்' நீங்களே என்று வைத்து வாசியுங்கள். இருபத்தொரு நாள் என்பது ஆராய்கிற காலம். அதில் தேறிய பிறகு தெருவில் யாரோ 'இன்னும் கம்பஸ் கிடைக்கல்லயா' என்று கேட்டதற்காகத் திரும்பச் சந்தேகிக்காதீர்கள்.

மருதமுனையில் தறி வைத்திருக்கிற ஒரு நண்பர் எனக்கு உண்டு. நாங்கள் நேர்த்தி என்பதை அவர்கள் நேர்ச்சை என்பார்கள். ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது, ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மேல் பாரம் போடவா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுப் பாரம் போடு என்று நபிகளார் சொன்ன செய்தியைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அறுந்த இழை ஒன்றை விரல் நுனியால் முடிந்தார். தவக்குல் என்று அவர் சொல்வதும் நான் சொல்ல வருவதும் ஒரே திசையில்தான் போகின்றன. முடிச்சுப் போடுவது நம் விரல்.

ஒரு விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்தால் என்ன என்கிற நினைப்பு வந்து போகிறது என்றால், அது விரதத்தாலோ என் எழுத்தாலோ தீர்க்கிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம். சுனாமிக்குப் பிறகு நானும் ஒரு டொக்டரிடம் எட்டு மாதம் போனேன். ஊரில் ஒரு சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

'இதெல்லாம் செய்தால் அம்மன்மேல் நம்பிக்கை வந்துவிடுமா' என்று கேட்பீர்கள். உறுதி சொல்ல என்னால் ஏலாது. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மா மடிப்பிச்சை எடுத்து இரண்டு வருடம் கழித்து, ஒரு சாவீட்டுக்குப் போய்த் திரும்புகிற வழியில் குருமண்வெளியில் பாதைக்கு (வாவியைக் கடக்கிற மிதவைக்கு) காத்திருந்தேன். பாதை வந்தது, மோட்டார் சைக்கிள்களோடு நானும் ஏறினேன், அக்கரையில் மண்டூர். வெயில் தாங்காமல்தான் முருகன் கோயிலுக்குள் போனேன். அங்கே கதிர்காமம் போலத் திரைதான். மூலத்தானத்தைப் பார்க்க முடியாது. பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டியிருப்பார், மந்திரம் இல்லை, மணிச்சத்தம் மட்டும். பார்க்கவும் ஒன்றும் இல்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை என்று நின்றேன். கொஞ்ச நேரம் போய்க் குனிந்து பார்த்தால் என் இரண்டு கையும் கூப்பியபடி இருந்தன. எப்போது கூப்பினேன் என்று தெரியாது.

அந்த இரண்டு வருடமும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். புது வளவில் அம்மா ஊன்றிய தென்னம்பிள்ளைக்குப் பின்னேரம் தண்ணீர் ஊற்றுவேன் என்று சொல்லியிருந்தேன். ஊற்றினேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு இப்போது அவசரம். தீப்பாய மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாதீர்கள், அவருக்கு அது உங்களை இழப்பது மாதிரி இருக்கும். இந்த வருடம் பதினெட்டு நாளும் பின்னேரம் கோயிலுக்குத் தொண்டுக்குப் போகிறேன், பாய்வதை அதற்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் அள்ள, கூட்ட, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட எப்போதும் ஆள் தட்டுப்பாடுதான். தீக்குழிக்கு விறகு சேர்ப்பது எந்த நாள் என்று கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரையோ பரிபாலன சபைக்காரரையோ முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கடையில் லீவு சொல்ல வேண்டி வரும்.